ஒருமுறை கொடுத்த பணம்

2004-ஆம் ஆண்டு ‘ரொறன்ரோ ஸ்டார்’ நாளிதழின் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதமும் அதிலிருந்து கிளைத்த மின்னஞ்சலும் சொன்ன கணக்கு இதுதான். கனடா அரசு ஓர் அகதிக்கு மாதாமாதம் 1,890 டொலர் கொடுக்கிறது. போதாததற்குச் சமூக உதவி என்று இன்னொரு 580. ஆக மொத்தம் 2,470 டொலர். நாற்பது, ஐம்பது வருடம் இந்த நாட்டில் உழைத்து ஓய்ந்த தனி முதியவருக்கோ, எல்லாம் சேர்த்து உச்சமாகக் கிடைப்பது 1,012 டொலர். பேசாமல் நம்முடைய முதியவர்களும் அகதி என்று பதிந்துகொண்டால் என்ன?

இதில் 1,012 என்பது அன்றைய நிலவரப்படி ஏறக்குறையச் சரியான தொகை. முதியோர் பென்ஷனும், இங்குள்ள எங்கள் முதியவர்கள் ‘ஜிஐஎஸ்’ என்று சொல்லும் குறைந்த வருமானக்காரருக்கான கொடுப்பனவும் சேர்ந்தால் அவ்வளவுதான் வரும். பிழை மற்றப் பக்கத்தில் இருந்தது. அரசு வெளிநாட்டு முகாம்களிலிருந்து தெரிவு செய்து அழைத்துவரும் அகதிகளில் சிலருக்கு, வந்து இறங்கியதும் வீடு அமைத்துக்கொள்ள ஒரேயொரு முறை ஒரு தொகை கொடுக்கப்படும். அந்தத் தொகை கடிதத்தில் மாதாமாதம் வரும் சம்பளமாகிவிட்டது. முழுப் பிழையும் இவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை யாரோ அவசரத்தில் தவறாக வாசித்திருக்கிறார், அவ்வளவே.

பத்திரிகை அதே ஆண்டில் விளக்கம் வெளியிட்டது. குடிவரவுத் திணைக்களம் மறுப்பு எழுதியது. அகதிகளுக்கான கனடியப் பேரவை தனியாக ஒரு விளக்கக் குறிப்பே தயாரித்தது. மறுப்புகள் போட்ட இடத்தில் கிடந்தன. கணக்கு ஊர் சுற்றப் புறப்பட்டது.

அமெரிக்காவுக்குப் போனபோது ‘கனடா’ என்ற பெயர் நீங்கி ‘அமெரிக்கா’ வந்தது. ஆனால் 1,890, 580, 2,470, 1,012 என்ற நான்கு எண்களும் ஒரு சதம் கூடாமல் குறையாமல் அப்படியே இருந்தன. அதைவிட வேடிக்கை, ஜிஐஎஸ் கொடுப்பனவின் முழுப் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டு போனது. அமெரிக்காவில் முதியோருக்கு அந்தப் பெயரில் ஒரு திட்டமே கிடையாது. தங்கள் நாட்டில் இல்லாத ஒரு கொடுப்பனவைப் பற்றி அமெரிக்கர்கள் ஒருவருக்கொருவர் கொதித்து எழுதிக்கொண்டார்கள். அடுத்து ஆஸ்திரேலியா. 2012-இல் அந்த நாட்டு நாடாளுமன்ற நூலகம் அகதிகளுக்கான உதவி பற்றிய உண்மையையும் புனைவையும் பிரித்துக் காட்டி ஓர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது; சுற்றிக்கொண்டிருந்த மடலின் பூர்வீகம் 2004-ஆம் ஆண்டுக் கனடா என்று அதில் குறிக்கப்பட்டது. பிரித்தானியப் பதிப்பில் தொகை ஆண்டுக் கணக்காகி, முப்பதாயிரம் பவுணை ஒட்டி வந்து நின்றது. 2,470-ஐப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 29,640.

ஓர் உயிரினத்தின் மரபணுவில் பயனில்லாமல் ஒட்டிக்கிடக்கும் பழைய துணுக்கை வைத்து அதன் மூதாதையைக் கண்டுபிடிப்பார்கள். பொய்ச்செய்திகளுக்கும் அப்படி ஒரு வம்சாவளி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இந்த மடல் கைமாறிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், 2009 ஒக்டோபரில் ‘ஓஷன் லேடி’ கப்பல் 76 ஈழத்தமிழர்களோடும், 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ கப்பல் 492 பேரோடும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தன. அவர்களுக்கும் அந்த 1,890 டொலருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வந்தவர்கள் முதலில் போனது தடுப்புக் காவலுக்கு. தாமாக வந்து இறங்கி அகதிக் கோரிக்கை வைப்பவருக்கு அந்தக் குடியமர்வுத் தொகை கிடையாது. வேலை கிடைக்கும்வரை மாகாணம் கொடுக்கும் வெல்ஃபெயர் காசுக்கு விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். ரொறன்ரோவில் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் பல அப்படி வந்தவைதான். ஆனால் கப்பல்கள் வந்தபோது வானொலிக்கு அழைத்துக் கத்தியவர்களுக்கு இரண்டு வகை அகதிக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை.

2015 டிசம்பரில் சிரிய அகதிகளை ஏற்றிய முதல் அரசு விமானம் ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் இறங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பே மடல் மறுபடி உயிர்பெற்றுவிட்டது. இப்போது அது சிரியர்களைப் பற்றியது. அதை எனக்கு அனுப்பியவர்களில் எண்பதுகளில் அகதியாகவே வந்து, பனிச்சப்பாத்து வாங்கக் காசில்லாமல் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. அவர்கள் கையில் அந்த 1,890 ஒரு மாதமும் வந்ததில்லை என்பது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் அனுப்பினார்கள்.

இதற்குப் படிப்பறிவுக் குறைவு என்று காரணம் சொல்வது சுலபம். நான் அதை ஏற்கமாட்டேன். சரியான திசையைக் காட்டியது பீகார்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து, அடுத்த ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். கங்கை நீர் வற்றிவிட்டது, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துவிட்டார்கள், இன்னொரு நடுக்கம் வரப்போகிறது, சூறாவளி வரப்போகிறது. வதந்திகள் இந்த மாதிரி. இதில் கவனிக்கவேண்டியது, இவற்றைப் பேசியவர்கள் அதிர்வை உணர்ந்தவர்கள், ஆனால் பெரிய சேதம் எதையும் காணாதவர்கள். சேதமில்லாத இடத்தில் மக்கள் ஏன் தங்களையே மேலும் பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? இருபது வருடம் கழித்து லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளருக்கு இந்தக் கேள்வி தலையைக் குடைந்தது. அவர் கண்ட விடை: அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த பயத்துக்குக் காரணம் தேடிக் கொடுத்தன. உடம்பு நடுங்குகிறது, கண்முன்னே ஒன்றும் இடிந்து கிடக்கவில்லை. இந்த முரண் சகிக்க முடியாதது. ‘வரப்போகிறது’ என்று ஒருவர் சொன்னதும் நடுக்கம் நியாயமாகிவிடுகிறது. 1957-இல் அவர் வெளியிட்ட மனமுரண் கோட்பாடு உளவியலில் மிகப் பெரிய பெயர் பெற்றது. அதன் விதை பீகாரில் விழுந்தது என்பதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மறுபக்கமும் ஒன்று கிடைத்தது. டார்ஜிலிங்கில் ஒரு பெரும் மண்சரிவுக்குப் பின் துர்கானந்த சின்ஹா ஆராய்ந்தபோது, வீடு இழந்து சாவைக் கண்ட மக்களிடம் அப்படிப்பட்ட மிகைப்படுத்திய வதந்திகள் இருக்கவில்லை. அவர்களுடைய பயத்துக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

பென்ஷன் மடலை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாடகை ஏறுகிறது, பென்ஷன் அந்த அளவுக்கு ஏறவில்லை. கோபம் ஏற்கெனவே அடுப்பில் கொதிக்கிறது. அதற்கு ஒரு எண் வேண்டும். எண் கிடைத்தபின் அது சரியா என்று கேட்பவரிடம் எரிச்சல் வருவது, அவர் எண்ணைக் கேள்வி கேட்கவில்லை, கோபத்தையே கேள்வி கேட்கிறார் என்று தோன்றுவதால்தான்.

சரி, காரணம் மனதில் இருக்கிறது. பாதை எங்கே இருக்கிறது?

தொடர் மின்னஞ்சல் எப்படிப் பயணிக்கிறது என்று எல்லோரும் ஊகித்தது ஒன்று, அளந்தபோது கண்டது வேறு. ஒருவர் பத்துப் பேருக்கு, அவர்கள் நூறு பேருக்கு என்று விசிறிபோல விரியும் என்றுதான் நினைத்தார்கள். ஜோன் கிளைன்பெர்க், டேவிட் லிபன்-நோவெல் என்ற இரு கணினி அறிவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதைக் கவிழ்த்தது. ஈராக் போரை எதிர்த்துச் சுற்றிய ஒரு விண்ணப்ப மடலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒவ்வொருவரும் தன் பெயரைக் கடைசியில் சேர்த்து அனுப்பவேண்டும். ஆகவே ஒவ்வொரு பிரதியும் தான் வந்த வழியைத் தானே சுமந்துகொண்டு வந்தது. கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று பொருத்தி மரமாக வரைந்தபோது, அகன்ற மரம் வரவில்லை. ஒடுங்கிய, மிக நீண்ட ஒரு கொடி வந்தது. கையொப்பமிட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களிடமிருந்து ஒரேயொரு கிளைதான் புறப்பட்டிருந்தது. ஆனால் மடல் கைமாறிய தொலைவோ நூற்றுக்கணக்கான படிகள். உலகத்தில் யாரும் யாருக்கும் ஆறு கை தூரம்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த மடலோ முந்நூறு கை தாண்டியும் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் உடனே அனுப்புகிறார், இன்னொருவர் பத்து நாள் கழித்துத் திறக்கிறார், பலருக்கு அதற்குள் வேறு வழியாக வந்துவிடுகிறது. இந்தத் தாமதங்களைக் கணக்கில் சேர்த்தபோது அவர்களுடைய கணினி மாதிரியிலும் அதே ஒடுங்கிய கொடி வந்தது.

இதைப் படித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. பொய் பரவ எல்லோரும் ஏமாறவேண்டியதில்லை. பத்துப் பேரில் ஒன்பது பேர் அழித்துவிட்டாலும் அது செத்துவிடாது.

ஒடுங்கிய கொடி எப்படி நாடு தாண்டுகிறது என்பதற்கு விடை தேட உதவும் இருவர் ரொறன்ரோவிலேயே இருந்தார்கள். அனட்டோல் ரப்பபோர்ட் என்பவர் 1911-இல் இன்றைய உக்ரைனில் பிறந்து, பியானோக் கலைஞராகப் பயின்று, பின்பு கணிதத்துக்கு மாறியவர். வியட்நாம் போரை எதிர்த்த அவர் 1970-இல் அமெரிக்காவை விட்டு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 2007-இல் இந்த நகரத்திலேயே இறந்தார். இங்கே வருவதற்கு முன், ஐம்பதுகளின் தொடக்கத்தில், முகநூலைக் கனவிலும் காணாத காலத்தில், ஒரு செய்தி மக்கள்கூட்டத்தில் பரவும் விதத்தைச் சமன்பாடுகளில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவர் பிடித்த நுட்பம் எளிமையானது. என் நண்பர்கள் இருவர் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் நண்பர்களாகவும் இருப்பார்கள். ஆகவே நான் இருவருக்கும் சொன்னதை அவர்கள் மறுபடி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். புதிய காதுக்குப் போகவேண்டிய மூச்சு பழைய காதில் வீணாகிறது. நெருக்கமான கூட்டத்துக்குள் செய்தி எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் பரவுகிறது.

இன்னொருவர் பாரி வெல்மன், அதே பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் யோர்க்கில் 1968-இல் 845 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, அவர்களுக்கு மிக நெருக்கமானவர்கள் எங்கே வசிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். பக்கத்து வீட்டிலோ அதே தெருவிலோ இருந்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் நகரம் முழுக்கவும் அதற்கு வெளியேயும் சிதறிக் கிடந்தார்கள். தொலைபேசியும் காரும் அவர்களை இணைத்து வைத்திருந்தன. ‘ஊர்’ என்பது நிலத்திலிருந்து கழன்று வலையாகிவிட்டது என்று 1979-இல் அவர் எழுதினார்.

ஈழத்தமிழரிடம் இதை விளக்கவேண்டியதில்லை. மார்க்கம் நகரில் இருக்கும் ஒருவருடைய கைபேசியில் யாழ்ப்பாணப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கக் குழு ஒன்று, ஊர்ச் சங்கக் குழு ஒன்று, கோயில் திருவிழா உபயகாரர் குழு ஒன்று, அம்மா வழிச் சொந்தங்களின் குழு ஒன்று. கடைசிக் குழுவில் பாரிஸ், லண்டன், சிட்னி, சூரிச், வட்டக்கச்சி எல்லாம் ஒன்றாக இருக்கும். ரப்பபோர்ட் சொன்ன நெருக்கமும், வெல்மன் சொன்ன தூரமும் ஒரே திரையில். சித்தப்பாவிடமிருந்து வந்ததைப் பழைய மாணவர் குழுவில் போட ஒரு விரல் போதும். அந்த நொடியில் ஒரு பொய் ஸ்காபரோவிலிருந்து சூரிச்சுக்குப் போய்விடும்.

நெருக்கமான கூட்டம் செய்தியைத் தூரம் அனுப்புவதில் மந்தம் என்றேன். ஆனால் அது வேறு ஒரு வேலையை மிகத் திறமையாகச் செய்கிறது. ஒரே மடல் அதற்குள் சுழன்று சுழன்று, மச்சானிடமிருந்தும், பழைய வகுப்புத் தோழனிடமிருந்தும், கோயில் காரியதரிசியிடமிருந்தும் உங்களிடம் வந்து சேர்கிறது. மூன்றும் ஒரே ஊற்றின் நீர். மனதுக்கோ மூன்று சாட்சிகள்.

1977-இல் லின் ஹாஷர் என்ற உளவியலாளரும் இரு சகாக்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை அழைத்து, அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஆனால் நம்பத்தக்க வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு தூரம் உண்மை என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. சில வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தன. திரும்பி வந்தவை ஒவ்வொரு தடவையும் மேலும் உண்மையாகத் தெரிந்தன. மெய்யும் அப்படித்தான், பொய்யும் அப்படித்தான். ஹாஷர் பின்னாளில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். இந்த விளைவு அதன்பின் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. 2015-இல் லிசா ஃபாசியோவும் சகாக்களும் ஒரு படி மேலே போனார்கள். ‘ஸ்கொட்லாந்துக்காரர் அணியும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடைக்குப் பெயர் சாரி’ என்பது அவர்கள் பயன்படுத்திய வாக்கியங்களில் ஒன்று. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஆடையின் சரியான பெயரை அறிந்தவர்கள்கூட, முன்பு ஒருமுறை கண்ட பொய் வாக்கியத்தை அதிகமாக நம்பும் பக்கம் சாய்ந்தார்கள். அறிவு காப்பாற்றவில்லை. பழகிய வாக்கியத்தை மூளை சுலபமாகக் கடந்துவிடுகிறது. அந்தச் சுலபத்தை உண்மை என்று எண்ணிக்கொள்கிறது. 1,890 டொலர் தன் கையில் வந்ததேயில்லை என்று அறிந்த மனிதர் ஏன் அந்த மடலை அனுப்பினார் என்பதற்கு இதுவும் ஒரு பகுதி விடை.

வதந்தி ஒருநாள் ஓய்ந்துதானே ஆகவேண்டும்? ஓயும். ஓய்வதற்கும் ஒரு கணிதம் இருக்கிறது. டேலி, கெண்டல் என்ற இருவர் 1964-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். வதந்தியை நோயோடு ஒப்பிடுவது வழக்கம். ஆனால் நோயாளி தானாகக் குணமாகிறார், வதந்தி சொல்பவர் அப்படி ஓய்வதில்லை. ‘அது எனக்குத் தெரியுமே’ என்று ஒருவர் சொன்னபிறகுதான் அவருக்குச் சுவை விட்டுப்போகிறது. இந்த ஒரு வேறுபாட்டைச் சேர்த்துக் கணக்கிட்டால், பெரிய கூட்டத்தில் வதந்தி அடங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் அதைக் கேட்காமலே இருப்பார்கள். கூட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. நான் முதல் முறை இதைப் படித்தபோது அந்த ஐந்தில் ஒருவர்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஆனால் யோசித்தால் அவர்கள்தான் அடுத்த சுற்றுக்கு விறகு. பத்து வருடத்தில் அவர்களோடு புதிதாகக் குடியேறியவர்களும், முதல் கைபேசி வாங்கிய தாத்தாக்களும், கேட்டு மறந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ‘அது பழைய கதை’ என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துபோகிறார்கள். 2004-இல் பிறந்த மடல் 2015-இல் புத்தம்புதிதாக எழுந்து வந்ததில் மர்மம் ஒன்றுமில்லை.

இப்படி மெதுவாக ஊர்வது ஒரு வகை. நிமிடங்களில் பற்றிக்கொள்வது இன்னொரு வகை. 2018-ஆம் ஆண்டு பிந்தியதற்கு ஒரு பாடப்புத்தகம்.

அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியில் இலங்கையின் அம்பாறையில், தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு மாக்கட்டி கிடந்தது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். மொழி சரியாக விளங்காமல் கடைக்காரர் தலையாட்டியதை ஒருவர் படம்பிடித்தார். ஒரு வேளை உண்டதும் மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. அரசுப் பகுப்பாய்வும் அது வெறும் மா என்றுதான் சொன்னது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் கண்டி, திகன பகுதியில் பெருங்கலவரம். அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஊரே அடித்துக் கொன்றது. வாட்ஸ்அப்பில் வந்த எச்சரிக்கைகள்தான் காரணம்.

இடையில், ஏப்ரல் 23 பிற்பகல், ரொறன்ரோவின் யங் வீதியில் ஃபிஞ்ச் சந்திப்பிலிருந்து தெற்கு நோக்கி ஒருவன் வாடகை வேனை நடைபாதையில் ஏற்றி ஓட்டினான். அன்று 10 பேர் இறந்தார்கள்; படுகாயமடைந்த பதினோராவது நபர் 2021-இல் இறந்தார். சம்பவம் நடந்து சிறிது நேரத்துக்குள் சிபிசி செய்தியாளர் ஒருவர் இரண்டு ட்விட்டர் பதிவுகள் இட்டார். ஒன்றில், ஓட்டியவன் மத்திய கிழக்கு ஆள் போலக் கோபத்தோடு இருந்தான் என்று ஒரு சாட்சி. மற்றதில், அவன் வெள்ளையன் என்று இன்னொரு சாட்சி. எழுதியவர் ஒருவர், வாசகர்களும் அதே ஆட்கள், நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஆய்வுக்கூடத்தில்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒரு சோதனையை அமைப்பது கடினம். முதற்பதிவு இரண்டாவதைவிடப் பல மடங்கு பகிரப்பட்டு, இஸ்லாமியப் பயங்கரவாதம் என்ற தலைப்போடு ஊர் சுற்றியது. சாட்சிகள் இருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். அதிலிருந்து பிழிந்தெடுத்த முடிவுதான் பொய். கொலையாளியைப் பெண்கள்மீதான வெறுப்பைப் பேசும் ஓர் இணையக் கூட்டத்தோடு இணைக்கும் பதிவு பிறகு வெளிவந்தது. மதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் எம்ஐடி ஆய்வாளர்கள் சொருஷ் வொசோகி, டெப் ரோய், சினான் அரால் மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் தங்கள் கணக்கை வெளியிட்டிருந்தார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் 30 லட்சம் பேர் பகிர்ந்த சுமார் 126,000 செய்தித் தொடர்கள். பொய் மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு மெய்யைவிட 70 விழுக்காடு கூடுதல். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் படம் மாறவில்லை. வேலையைச் செய்தவர்கள் மனிதர்கள். பொய்யில் புதுமை அதிகம், வியப்பும் அருவருப்பும் அதிகம் என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து ஜொனாஸ் யூல், ஜொஹான் உகாண்டர் இருவரும் அதே தரவை மறுபடி எடுத்து, ஒரே அளவுள்ள தொடர்களை மட்டும் ஒப்பிட்டார்கள். பொய்யும் மெய்யும் கிளைவிட்ட விதத்தில் வித்தியாசம் மறைந்துபோனது. ஆகவே பொய்க்கென்று தனிச் சந்து கிடையாது. பொதுச்சாலையில்தான் அதுவும் போகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கூடுதலாகத் தொற்றுகிறது, அவ்வளவே. எனக்கு முதல் ஆய்வைவிட இந்தத் திருத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. தனிச் சந்து இருந்தால் அடைத்துவிடலாம். பொதுச்சாலையை எப்படி அடைப்பது?

வேகத்தடை போடலாம். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும். 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்தில், ஐந்து கை தாண்டி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் என்று இறுக்கியது. அப்படிப்பட்ட செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. பிரேசில் ஆய்வாளர்களின் கணினி மாதிரி இன்னும் நிதானமானது: கட்டுப்பாடு பரவலைப் பெரிதும் தாமதப்படுத்தும், கடுமையாகத் தொற்றும் செய்தியைத் தடுத்துவிடாது. தாமதம் சின்ன விடயமல்ல. யங் வீதிச் சம்பவத்தில் ஒரு நாள் தாமதம் கிடைத்திருந்தால் பெரும்பாலான பொய்கள் பிறந்திருக்கவே மாட்டா. பென்ஷன் மடலுக்கோ ஒரு வருடத் தாமதமும் பொருட்டல்ல.

வேகத்தடையைவிட எளிய ஒன்றைக் கனடியர் ஒருவர் முயன்று பார்த்தார். சஸ்கச்சுவானின் ரெஜைனா பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த கோர்டன் பெனிகுக்கும் சகாக்களும், ட்விட்டரில் நம்பகமற்ற தளங்களின் செய்திகளைப் பகிர்ந்துவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள். அதில் பிரசங்கம் இல்லை. ஏதோ ஒரு தலைப்பைக் காட்டி, இது எவ்வளவு சரியானது என்று நினைக்கிறீர்கள் என்ற ஒரேயொரு கேள்விதான். அதன்பின் அவர்கள் பகிர்ந்தவற்றின் தரம் ஓரளவு கூடியது. 2021-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்த ஆய்வின்படி, பலர் பொய்யை நம்பியதால் பகிரவில்லை; பகிரும் நொடியில் உண்மையா என்ற எண்ணமே அவர்கள் மனதில் இருக்கவில்லை. விளைவு சிறியதுதான். ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு கிளை விடும் ஒடுங்கிய கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கணு தயங்கினாலும் அதற்குமேல் கொடி இல்லை.

கனடாவில் இப்போது மறுப்பின் நிலை முன்னைவிட மோசம். செய்தி நிறுவனங்களுக்கு இணையப் பெருநிறுவனங்கள் பணம் கொடுக்கவேண்டும் என்று ஒட்டாவா 2023 ஜூனில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மெட்டா நிறுவனம் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, ஓகஸ்ட் முதல் நாளிலிருந்து கனடாவில் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளையே அகற்றத் தொடங்கியது. ‘ரொறன்ரோ ஸ்டார்’ ஒரு தவறைத் திருத்தி எழுதினால் அதன் இணைப்பை ஸ்காபரோவிலிருந்து முகநூலில் ஒட்ட முடியாது. பெயரில்லாத ஒரு படத்தில் எழுதிய பொய்யை ஒட்டலாம். அதே மாதம் வடக்கே யெல்லோநைஃப் நகரம் காட்டுத்தீயால் முழுவதும் வெளியேற்றப்பட்டபோது, மக்கள் செய்தியைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் பகிர்ந்து சமாளித்தார்கள். அப்படி எடுத்த படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்கும், திருத்தம் வராது.

அறிவியலுக்கும் கதவுகள் சாத்தப்படுகின்றன. ஈராக் மடலின் கொடியை வரைய முடிந்தது, மக்கள் தங்கள் பெயர்களை அதில் எழுதியதால். வாட்ஸ்அப் செய்தி 2016-இலிருந்து அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே திறக்கும். அது நியாயமான காப்புத்தான், ஆனால் பொய்யின் வம்சாவளியும் அதற்குள்ளேயே பூட்டப்பட்டுவிட்டது. எம்ஐடி குழுவுக்குத் தன் முழுக் களஞ்சியத்தையும் திறந்துவிட்ட ட்விட்டர், கைமாறியபின் 2023-இல் ஆய்வாளர்களுக்கான இலவச வாசலை மூடியது. முகநூலில் எது எங்கே பரவுகிறது என்று பார்க்க உதவிய ‘கிரவுட்டேங்கிள்’ கருவியை மெட்டா 2024 ஓகஸ்டில் நிறுத்தியது. 2018-இல் எம்ஐடி குழு செய்த அளவுக்கு ஓர் ஆய்வை இன்று ட்விட்டர் தளத்தில் செய்ய ஒரு பல்கலைக்கழகம் விரும்பினால், முதலில் தரவுக்கு விலை பேசவேண்டும்.